ஜப்பானில் புற்றுநோய், இந்தியாவில் இதயநோய்: அந்தப் பட்டியலை எப்படிப் படிப்பது?

கேள்வி: எனக்கு 63 வயது. கணித ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். தென்காசிப் பக்கம் வசிக்கிறேன். என் மகள் (34) கணவருடன் ஒசாகாவில் இருக்கிறாள். எந்த நாட்டில் மக்கள் எந்த நோயால் அதிகம் இறக்கிறார்கள் என்று ஒரு பட்டியல் வாட்ஸ்அப்பில் வந்தது. ஜப்பானுக்குப் புற்றுநோய், இங்கிலாந்துக்கு மறதிநோய், நைஜீரியாவுக்கு மலேரியா, இந்தியாவுக்கு இதயநோய் என்று போட்டிருந்தார்கள். ‘நம் சாப்பாடுதான் நம்மைப் புற்றுநோயிலிருந்து காக்கிறது’ என்று கீழே ஒரு வரி. அதைப் படித்ததிலிருந்து மனம் சரியில்லை. மகளை ஊருக்குத் திரும்பி வரச் சொல்லலாமா?

இன்னொன்றும் கேட்க வேண்டும். என் கணவர் சென்ற ஆண்டு காலமானார். இருபது வருடம் சர்க்கரை, கடைசி இரண்டு வருடம் டயாலிசிஸ். ஆஸ்பத்திரியில் கொடுத்த மருத்துவச் சான்றில் ‘இதயமும் சுவாசமும் நின்றது’ என்று மட்டும் எழுதியிருக்கிறார்கள். இந்தப் பட்டியலில் அவர் எந்த நோயின் கணக்கில் சேர்ந்திருப்பார்?

பதில்:

அன்புள்ள அம்மா,

மகளை ஊருக்கு வரச் சொல்ல வேண்டியதில்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன், நிம்மதியாக மீதியைப் படிக்கலாம். உங்கள் கணவரின் மறைவுக்கு என் வருத்தத்தைத் தெரிவித்துக்கொள்கிறேன். அவரைப் பற்றி நீங்கள் கேட்டது மிக முக்கியமான கேள்வி. நான் சமூக மருத்துவத் துறையில் இருப்பவன். பயிற்சி மருத்துவர்களுக்கு இறப்புச் சான்று எழுதக் கற்றுக்கொடுப்பதும் என் வேலையில் சேர்ந்தது. அதனால் அந்தக் கேள்விக்குச் சற்று விரிவாகவே பதில் எழுதப் போகிறேன்.

முதலில் பட்டியல். ஜப்பானைப் பற்றி அதில் இருப்பது பொய்யில்லை. 2023-ல் அங்கே சுமார் 15 லட்சத்து 76 ஆயிரம் பேர் இறந்தார்கள். அதில் 3 லட்சத்து 82 ஆயிரம் பேர் புற்றுநோயால். ஏறக்குறைய நான்கில் ஒருவர். 1981-லிருந்து புற்றுநோய்தான் அங்கே முதலிடம். ஆனால் இறந்தவர்களுக்கு என்ன வயது என்று பட்டியல் சொல்லாது. ஜப்பானில் புற்றுநோயால் இறப்பவர்களில் பத்தில் எட்டுப் பேருக்கும் மேல் 65 வயதைத் தாண்டியவர்கள். நைஜீரியாவுக்கு நேராக இருக்கும் மலேரியாவை இதோடு வைத்துப் பாருங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 2023-ல் மலேரியா சுமார் 5 லட்சத்து 97 ஆயிரம் பேரைக் கொன்றது. 95 சதவீதம் ஆப்பிரிக்காவில். அங்கே இறந்தவர்களில் நான்கில் மூன்று பேர் ஐந்து வயது நிரம்பாத குழந்தைகள். ஒரு வரியில் இருப்பது எண்பது வயதுத் தாத்தா, அடுத்த வரியில் இருப்பது இரண்டு வயதுக் குழந்தை. இரண்டுக்கும் ‘முதலிடம்’ என்ற ஒரே பெயரைக் கொடுத்து அருகருகே வைத்தால், எதை எதோடு ஒப்பிடுகிறோம் என்பதே மறைந்துபோகிறது.

நீங்கள் கணக்கு டீச்சர் என்பதால் ஒரு கணக்கே போட்டுக் காட்டுகிறேன். எண்கள் நானாக வைத்துக்கொண்டவை. முதல் ஊரில் 1000 பேர், அதில் 300 பேர் 65 வயதைத் தாண்டியவர்கள். இரண்டாவது ஊரிலும் 1000 பேர், ஆனால் முதியவர்கள் 70 பேர்தான். முதல் ஊரில் முதியவர்களில் ஆண்டுக்கு 100-க்கு 4 பேரும், மற்றவர்களில் 1000-க்கு ஒருவரும் இறக்கிறார்கள். இரண்டாவது ஊரில் முதியவர்களில் 100-க்கு 6 பேர், மற்றவர்களில் 1000-க்கு 3 பேர். அதாவது எந்த வயதை எடுத்தாலும் இரண்டாவது ஊர்தான் மோசம். இப்போது மொத்தத்தைக் கூட்டுங்கள். முதல் ஊரில் 12-உம் 0.7-உம் சேர்ந்து 12.7. இரண்டாவது ஊரில் 4.2-உம் 2.8-உம் சேர்ந்து 7. எல்லா வயதிலும் ஆபத்து கூடுதலாக இருக்கிற ஊரில் சாவு பாதியளவுதான் என்று கணக்கு சொல்கிறது!

இது வெறும் கணிதப் புதிர் இல்லை. ஜப்பானில் 1000 பேருக்கு ஆண்டுக்குச் சுமார் 13 பேர் இறக்கிறார்கள், இந்தியாவில் 6 பேருக்குச் சற்று மேல். அதை வைத்து நாம்தான் ஆரோக்கியமாக இருக்கிறோம் என்று யாராவது சொன்னால், ஜப்பானியரின் சராசரி ஆயுள் 84, நம்முடையது 70 என்பதை நினைவில் வையுங்கள். அங்கே மக்கள்தொகையில் 29 சதவீதம் பேர் 65 வயதைத் தாண்டியவர்கள், இங்கே 7 சதவீதம். கத்தாரில் 1000 பேருக்கு 2 பேர்கூட இறப்பதில்லை. அங்கே இருப்பவர்களில் பெரும்பாலோர் நம் ஊர்ப் பிள்ளைகளைப் போல வேலைக்குப் போன வாலிபர்கள். உடம்புக்கு முடியாமல் போனால், வயதானால், ஊர் திரும்பிவிடுகிறார்கள். அவர்களுடைய மரணம் சொந்த நாட்டின் கணக்கில் ஏறுகிறது.

இந்தக் குழப்பத்தைத் தவிர்க்கத்தான் எங்கள் துறையில், எல்லா நாட்டிலும் முதியவர்களும் இளையவர்களும் ஒரே விகிதத்தில் இருப்பதாக வைத்துக்கொண்டு, வயதைச் சமன்செய்து இறப்பு விகிதத்தைக் கணக்கிடுகிறோம். அப்படிக் கணக்கிட்டால் ஜப்பானின் புற்றுநோய் இறப்பு விகிதம் 1990-களின் நடுவிலிருந்தே இறங்கிக்கொண்டிருக்கிறது. முதியவர்கள் கூடிக்கொண்டே போவதால் எண்ணிக்கை ஏறுகிறது, அவ்வளவுதான். புற்றுநோய் அங்கே முதலிடத்துக்கு வந்த கதையையும் சொல்ல வேண்டும். 1950 வரை ஜப்பானியரை அதிகம் கொன்றது காசநோய். 1951 முதல் 1980 வரை பக்கவாதம். உப்பைக் குறைத்தார்கள், ரத்த அழுத்தத்தை ஊர் ஊராகப் பரிசோதித்து மருந்து கொடுத்தார்கள், பக்கவாதச் சாவு சரிந்தது. பக்கவாதத்தில் போயிருக்க வேண்டியவர்கள் பிழைத்து, புற்றுநோய் வருகிற வயதுவரை வாழ்ந்தார்கள். ஒரு நோய் முதலிடம் பிடிக்க அந்த நோய் பெருகித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. முன்னால் இருந்த நோய் விலகினாலும் அது முதலிடத்துக்கு வந்துவிடும்.

இங்கிலாந்துக்கு மறதிநோய் வந்த விதம் வேறு. இங்கிலாந்து, வேல்ஸ் கணக்கில் 2015-ல் அது முதலிடம் பிடித்தது, மொத்த இறப்பில் சுமார் 11.6 சதவீதம். அங்கே புற்றுநோயை நுரையீரல், குடல், மார்பகம் என்று உறுப்புவாரியாகப் பிரித்துத்தான் வரிசைப்படுத்துகிறார்கள். பிரிக்காமல் சேர்த்தால் அங்கேயும் புற்றுநோய்தான் முதலிடம், நான்கில் ஒன்றுக்கும் மேல். ஜப்பான் பட்டியலில் எல்லாப் புற்றுநோய்களும் ஒரே மூட்டை. அதைப் பிரித்தால் அங்கே மிகப் பெரியதான நுரையீரல் புற்றுநோய்கூட ஆண்டுக்கு 76 ஆயிரம்தான், பக்கவாதத்துக்கும் கீழே போய்விடும். உங்களுக்கு வந்த பட்டியலைத் தயாரித்தவர் இரண்டு நாட்டின் இரண்டு வகைக் கணக்கை எடுத்து ஒரே அட்டவணையில் ஒட்டிவிட்டார்.

இப்போது உங்கள் கணவரைப் பற்றி.

இறப்புக்கான மருத்துவச் சான்று உலகம் முழுவதும் ஏறக்குறைய ஒரே அமைப்பில் இருக்கும். ஆஸ்பத்திரியில் நடக்கும் மரணத்துக்கு நம் நாட்டில் 4-ஆம் எண் படிவம். அதன் முதல் பகுதியில் ஒன்றன் கீழ் ஒன்றாக வரிகள். மேல் வரியில் உயிர் பிரிய நேரடியாகக் காரணமானது. அதற்குக் கீழே, அதை உண்டாக்கியது. கடைசி வரியில், இவை எல்லாவற்றையும் தொடங்கிவைத்த மூல நோய். நாடுகளின் பட்டியலில் எண்ணப்படுவது பொதுவாக அந்தக் கடைசி வரி. இதயம் நிற்பது, மூச்சு நிற்பது எல்லாம் மரணத்தின் விவரணை. யார் இறந்தாலும் அது நடக்கும், அது காரணமாகாது. அதை மட்டும் எழுதக் கூடாது என்று வழிகாட்டுதல்களே சொல்கின்றன.

உங்கள் கணவருக்கு எப்படி எழுதியிருக்க வேண்டும்? நீங்கள் சொன்னதை வைத்துப் பார்த்தால், மேலே கடைசி நேரத்தில் நடந்த சிக்கல், அதற்குக் கீழே நாள்பட்ட சிறுநீரகச் செயலிழப்பு, இரண்டு ஆண்டு. அதற்கும் கீழே நீரிழிவு, இருபது ஆண்டு. எவ்வளவு காலமாக என்பதை எழுத அந்தப் படிவத்திலேயே பக்கத்தில் ஒரு கட்டம் உண்டு. அப்படி எழுதியிருந்தால் அவர் நீரிழிவின் கணக்கில் வந்திருப்பார். ஒற்றை வரி மட்டும் இருந்ததால், அவருடைய மரணம் பெரும்பாலும் இதயநோய்கள் என்ற தொகுப்பில்தான் சேர்ந்திருக்கும். இருபது வருடம் அவர் ஊசி போட்டதும், வாரா வாரம் நீங்கள் இருவரும் டயாலிசிஸுக்கு அலைந்ததும் எந்தக் கணக்கிலும் ஏறவில்லை. இதை எழுதும்போது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது. பெரும்பாலும் நள்ளிரவில், நோயாளியை அதற்கு முன் பார்த்தே இராத ஓர் இளம் மருத்துவர் அந்தப் படிவத்தை நிரப்புகிறார். வெளியே உறவினர்கள் உடலுக்காகக் காத்திருப்பார்கள். பழைய ரிப்போர்ட்டுகள் வீட்டில் ஏதோ ஒரு பையில் இருக்கும். அந்த மருத்துவருக்கு இதை யாரும் நின்று நிதானமாகச் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள். தவறு அவருடையது மட்டுமில்லை.

இது நம் நாட்டின் பிரச்சினை மட்டும் என்றும் நினைக்க வேண்டாம். ஜப்பானிய மருத்துவர்களும் முன்பு ‘இதயச் செயலிழப்பு’ என்று தாராளமாக எழுதிக்கொண்டிருந்தார்கள். 1995-ல் புதிய படிவம் வந்தது. நோயின் இறுதிக் கட்ட நிலையாக இதயச் செயலிழப்பு, சுவாசச் செயலிழப்பு என்று எழுத வேண்டாம் என்ற குறிப்பு அதிலேயே அச்சாகியிருந்தது. 1993-ல் சுமார் 1 லட்சத்து 80 ஆயிரமாக இருந்த இதயநோய் இறப்பு, 1995-ல் 1 லட்சத்து 39 ஆயிரமாகிவிட்டது. ஜப்பானியர் இதயம் இரண்டே ஆண்டில் இவ்வளவு பலப்பட்டிருக்க முடியாது. மருத்துவர்கள் எழுதும் முறை மாறியது.

நம் நாட்டில் இன்னொரு பெரிய சிக்கல், பெரும்பாலான மரணங்களுக்கு மருத்துவச் சான்றே கிடையாது. 2020-ல் பதிவான இறப்புகளில் சுமார் 22 சதவீதத்துக்குத்தான் மருத்துவர் காரணம் எழுதியிருந்தார். தமிழ்நாடு தேசிய சராசரியைவிட மேல், ஆனாலும் முழுமை இல்லை. பிறகு இந்தியாவில் இதயநோய் முதலிடம் என்று எப்படித் தெரிகிறது? இந்தியத் தலைமைப் பதிவாளர் அலுவலகம் மாதிரிக்கென்று தேர்ந்தெடுத்த ஊர்களில், இறந்தவரின் வீட்டுக்கே கணக்கெடுப்பாளர் போய் உட்கார்ந்து கேட்கிறார். மார்பில் வலி இருந்ததா, எவ்வளவு நேரம், கால் வீங்கியதா, இருமலில் ரத்தம் வந்ததா, கடைசியாக எப்போது சாப்பிட்டார் என்று. வீட்டார் சொல்வதை அவர்கள் சொன்னபடியே எழுதிக்கொள்கிறார். இரண்டு மருத்துவர்கள் ஒருவரையொருவர் கலக்காமல் அதைப் படித்துக் காரணத்தை முடிவு செய்கிறார்கள். இருவரும் வேறுபட்டால் மூத்த மருத்துவர் ஒருவர் தீர்த்துவைக்கிறார். பத்து லட்சம் மரணங்கள் ஆய்வு என்று பெயர்பெற்ற முயற்சி இந்த வழியில்தான் நடந்தது. டொராண்டோ பல்கலைக்கழகப் பேராசிரியர் பிரபாத் ஜா அதை முன்னின்று நடத்தியவர்.

அந்த ஆய்வு பாம்புக்கடி பற்றிச் சொன்னதை நான் வகுப்பில் தவறாமல் சொல்வேன். ஆஸ்பத்திரிக் கணக்கில் பாம்புக்கடிச் சாவு ஆண்டுக்குச் சில ஆயிரத்தைத் தாண்டாது. வீடு வீடாகக் கேட்டபோது 2005-ல் மட்டும் சுமார் 46 ஆயிரம் பேர் என்று தெரிந்தது. அதில் 97 சதவீதம் கிராமப்புறம், முக்கால்வாசிக்கு மேல் ஆஸ்பத்திரிக்கு வெளியே நடந்தவை. வயல்வரப்பில் செத்தவர் எந்தப் பட்டியலிலும் இல்லாமல் இருந்தார். வீட்டுக்குப் போய்க் கேட்டதால்தான் அவர் கணக்கில் வந்தார்.

சரி, நம் சாப்பாடு புற்றுநோயிலிருந்து காக்கிறதா? வயதைச் சமன்செய்து பார்த்தாலும் இந்தியாவில் புதிதாகப் புற்றுநோய் வருவது ஜப்பானைவிடக் கணிசமாகக் குறைவு. குடல் புற்றுநோய் நம்மிடம் குறைவாக இருப்பது உண்மை, அதில் உணவுக்கும் பங்கிருக்கலாம். ஆனால் கண்டுபிடிக்கப்படாமலே போவதும் இந்தக் குறைவில் கலந்திருக்கிறது. அதைவிட எனக்குக் கவலை தருவது வேறு எண். 2022 மதிப்பீட்டின்படி இந்தியாவில் புதிதாகப் புற்றுநோய் வந்தவர்கள் சுமார் 14 லட்சம், அதே ஆண்டில் இறந்தவர்கள் 9 லட்சத்துக்கு மேல். ஜப்பானில் புதிதாக வந்தவர்கள் சுமார் 10 லட்சம், இறந்தவர்கள் 4 லட்சத்துச் சொச்சம். நம்மிடம் 100 பேருக்கு நோய் வந்தால் 65 மரணம், அங்கே 42. நம் ஆண்களிடம் முதலிடம் வாய்ப்புற்றுநோய்க்கு. வெற்றிலையோடு புகையிலை, குட்கா, பீடி. பெண்களிடம் மார்பகமும் கருப்பைவாயும். வாயில் ஆறாத புண்ணோ மார்பில் கட்டியோ வந்தால், சீக்கிரம் காட்டினால் பிழைக்க வைக்கலாம். ‘நமக்கெல்லாம் அது வராது’ என்ற நம்பிக்கையில் ஆறு மாதம் தள்ளிப்போடுகிறவர்களைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். அந்த வாட்ஸ்அப் வரியை யாருக்கும் அனுப்பாதீர்கள், அம்மா.

அப்புறம், ஒரு நாட்டுக்குக் குடிபோனால் அந்த நாட்டு நோய் வந்துவிடுமா? இதை ஜப்பானியரை வைத்தே ஆராய்ந்திருக்கிறார்கள். 1960-களில் தொடங்கிய ஆய்வு. ஹிரோஷிமா, நாகசாகியில் வாழ்ந்த ஜப்பானிய ஆண்கள், ஹவாய்க்குப் போனவர்கள், கலிபோர்னியாவில் குடியேறியவர்கள் என மூன்று பிரிவு. மாரடைப்பு ஜப்பானில் மிகக் குறைவு, ஹவாயில் நடுத்தரம், கலிபோர்னியாவில் அதிகம். ரத்தம் ஒன்றுதான், சாப்பாடும் வாழ்க்கையும் மாறின. உங்கள் மகள் போயிருப்பது இதற்கு எதிர்த் திசையில், மாரடைப்பு குறைவாக இருக்கும் நாட்டுக்கு. ஆனால் நம் உடம்பின் சுபாவத்தையும் கூடவே எடுத்துப் போயிருக்கிறாள். 52 நாடுகளில் இதயநோய் மருத்துவர் சலீம் யூசுப் நடத்தி 2004-ல் வெளியான ஆய்வில், தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு மற்றவர்களைவிடச் சுமார் ஐந்து வருடம் முன்னதாகவே வருவது தெரிந்தது. அப்பாவுக்குச் சர்க்கரை வேறு இருந்திருக்கிறது. ஆக, அவள் கவனிக்க வேண்டியது ஜப்பானின் பட்டியலைவிடத் தன் வீட்டுப் பட்டியலை.

அவளுடைய வயதில் சாவே அபூர்வம். ஆனால் ஜப்பானில் 15 முதல் 39 வயதுவரை இறப்பவர்களில் முதல் காரணம் தற்கொலை. நம் நாட்டிலும் 15 முதல் 29 வயதில் அதுதான். மொத்தக் கணக்கில் முதியவர்களின் எண்ணிக்கை பெரிதென்பதால் உங்களுக்கு வந்த பட்டியலில் இது கண்ணிலேயே படாது. உங்கள் மகளுக்கு ஏதோ ஆபத்து என்று நான் சொல்லவில்லை. புற்றுநோயைப் பற்றிக் கேட்கும் அதே அக்கறையோடு, அங்கே பேச ஆள் இருக்கிறதா, தூக்கம் எப்படி, வேலை அதிகமா என்றும் கேளுங்கள். மொழி தெரியாத ஊரில் வீட்டோடு இருக்கும் பெண்களுக்கு இந்தக் கேள்வி பெரிய ஆறுதல்.

நாடுகளை ஒப்பிடுவதே வீண் என்று நினைத்துவிட வேண்டாம். இலங்கையில் 1995-ல் லட்சம் பேருக்கு 47 பேர் தற்கொலை செய்துகொண்டார்கள், அப்போது உலகிலேயே மிக உயர்ந்த விகிதங்களில் ஒன்று. பலர் குடித்தது பூச்சிமருந்து. அதில் கொடிய மருந்துகளை ஒவ்வொன்றாகத் தடை செய்தார்கள், 2011-க்குள் பாராகுவாட் என்ற களைக்கொல்லியும் போனது. விகிதம் ஏறக்குறைய 70 சதவீதம் இறங்கியது, விளைச்சலும் அதனால் குறையவில்லை. மற்ற நாடுகள் இதைப் பார்த்துக் கற்றுக்கொண்டன.

மகள் செய்ய வேண்டியவை சில. வேலைக்குப் போகிறாள் என்றால் நிறுவனம் ஆண்டுக்கொரு முறை உடல் பரிசோதனை செய்தே ஆக வேண்டும் என்பது அங்கே சட்டம். அந்த அறிக்கையில் ரத்த அழுத்தத்தையும், பார்த்திருந்தால் சர்க்கரை, கொழுப்பு, இடுப்பளவையும் உங்களுக்கு அனுப்பச் சொல்லுங்கள். நகராட்சி வழியாகக் கருப்பைவாய்ப் பரிசோதனை 20 வயதிலிருந்தே இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை உண்டு. 40 ஆனதும் மார்பகம், 50 ஆனதும் வயிற்றுப் பரிசோதனை. வரும் கடிதங்களைக் குப்பையில் போடாமல் போய்ச் செய்துகொள்ளட்டும். சோயா சாஸ், மிசோ, நூடுல்ஸ் குழம்பில் உப்பு நிறைய இருக்கும், நூடுல்ஸைச் சாப்பிட்டுக் குழம்பை மிச்சம் வைத்துவிடலாம். மருமகன் சிகரெட் பிடிப்பவர் என்றால் அதை நிறுத்துவதுதான் அந்த வீட்டில் நடக்கக்கூடிய மிகப் பெரிய வைத்தியம்.

உங்கள் கணவரின் டயாலிசிஸ் கோப்பையும் பழைய ரத்தப் பரிசோதனைத் தாள்களையும் தூக்கிப் போடாதீர்கள். மகளை எந்த மருத்துவர் பார்த்தாலும் அப்பாவுக்கு எந்த வயதில் சர்க்கரை தொடங்கியது, சிறுநீரகம் எப்போது கெட்டது என்பது அவருக்குத் தேவைப்படும். அதைத் தேதியோடு ஒரு பக்கத்தில் எழுதி மகளுக்கு அனுப்புங்கள். சான்றில் விட்டுப்போனது அவளிடமாவது சரியாக இருக்கட்டும்.

கடிதம் முழுவதிலும் உங்களைப் பற்றி நீங்கள் எதுவும் எழுதவில்லை. கணவரைப் பார்த்துக்கொண்ட அந்த இரண்டு வருடத்தில் உங்கள் பிரஷரையும் சர்க்கரையையும் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்? ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வந்து பார்க்கிறார்கள், இல்லாவிட்டால் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு இந்த வாரமே போய்விட்டு வாருங்கள். மார்பகம், கருப்பைவாய்ப் பரிசோதனையும் அங்கேயே கேளுங்கள். எண்களை எனக்கு எழுதினால் அடுத்து என்ன செய்யலாம் என்று சொல்கிறேன்.